சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெபம்

தங்கராசுவை நீ உன் பிரசங்கத்திலிருந்து எடுத்துப் போட்டுவிட்டாய். மண்சரிவிலிருந்து உன் அம்மாவையும் என்னையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தவனின் பெயரை, அவன் மனைவி புஷ்பம் பெண்கள் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து உன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, சொல்லாமல் விட்டாய். அத்தோடு நிற்கவில்லை. அவன் நின்ற இடத்தில் நம் வீட்டு ஜெபத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாய். "ஜெபிக்கிற குடும்பத்தைத் தொட அந்த மண்ணுக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை" என்றாய். சபை முழுக்க அல்லேலூயா சொன்னது. புஷ்பம் சொல்லவில்லை. இதுதான் நடந்த தவறு, மகனே.

நீ இதைச் சபை நடுவில் சொன்னாய். அதனால் நானும் சபை வாசிக்கும்படி எழுதி, மாதப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். போனில் பேசிப் பார்த்தேன். "நேர்ல பேசுவோம்பா" என்று வைத்துவிட்டாய். நேரில் நீ வரவில்லை, அழைப்பிதழ்தான் வந்தது. அடுத்த மாதம் பதுளையில் உனக்குக் குருப்பட்டம். அம்மா அதை நாங்கள் இப்போது தங்கியிருக்கும் மூலையின் தடுப்புப் பலகையில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் நின்று வாசித்து, கொடுத்துவைத்த அப்பா என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்பா வருவாரா என்று அவளிடம் கேட்டாயாம். இந்தக் கடிதத்தை முடிவுவரை வாசித்தால் உனக்கே தெரியும். புஷ்பத்திடம் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். "எழுதுங்கண்ணே. ஆனா சாமு தம்பிய வையாதீங்க. எங்க காம்பராவுல சோறு தின்னு வளந்த புள்ள" என்றாள். வைய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கேள்விதான் கேட்பேன். கேள்வி கேட்பதும் வைவதும் ஒன்று என்று நீ நினைத்தால், அதை நீ என்னிடம் படிக்கவில்லை.

வாசிக்கிறவர்களில் லயத்தில் வாழாதவர்களும் இருப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரைவரைக்கும் போகாது. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அந்த வழியாக அடுத்த வீட்டுப் புகை வரும், தாளிக்கிற வாசம் வரும், இருமல் வரும், புருஷன் பெண்டாட்டி சண்டை வரும். ஜெபமும் வரும். லயத்தில் யாரும் இரகசியமாக ஜெபிக்க முடியாது. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபம் செய்யச் சொல்லி ஆண்டவர் கற்பித்திருக்கிறார் என்று நம் பாஸ்டர் ஐயா பிரசங்கம் பண்ணியபோது, வெளியே வந்து, "ஐயா, அவரு எங்க லயத்தப் பாக்கல" என்று சொன்னவன் நான். ஐயா சிரித்துவிட்டார். அம்மா வீடுவரைக்கும் என்னோடு பேசவில்லை.

தங்கராசுவும் நானும் ஒரே கூட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர்கள். வயதான தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டி மறுபடி துளிர்க்க விடுகிற வேலை அது. அவன் என்னைவிட இளையவன், கை வேகம். புஷ்பம் கல்யாணமாகி வந்த பிறகு, தானாகவே நம் சபைக்கு வரத் தொடங்கினாள். யாரும் கூப்பிடவில்லை. சுவர் வழியாக உன் அம்மாவின் பாட்டைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் வந்து நின்றாள். தங்கராசு மட்டும் கடைசிவரைக்கும் வரவில்லை. கேட்டால், "அண்ணே, எங்க மாரியம்மனையே நான் திருவிழாவுக்கு மேளம் கேக்கத்தான் போய்ப் பாக்குறேன். ஒங்க ஆண்டவருக்கு ஏற்கனவே வேல நெறைய. என்னையும் எதுக்கு அவரு தலையில கட்டுறீங்க?" என்பான். அவனுக்காக புஷ்பம் ஒவ்வொரு நாளும் ஜெபித்ததை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். அவனும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பான். முடிந்ததும், "சொல்லியாச்சா? சரி, சோத்தப் போடு" என்ற அவன் குரலும் வரும்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, சபை அலமாரியில் கரையான் தின்றது போக மிச்சமிருந்த விளக்கவுரைகளை வாசித்து, புரியாததை எதிரில் வருகிறவரிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். அம்மா கேட்பாள், "ஒங்களுக்கு ஆண்டவர் வேணுமா, ஆண்டவர்கூட வழக்கு வேணுமா?" இரண்டும் வேண்டும் என்பேன். அங்கேயிருந்து பேச்சு வளரும். குரல் உயரும். அப்போது அடுத்த காம்பராவில் இருந்து தங்கராசு விறகுக்கட்டையால் சுவரைத் தட்டுவான். "அண்ணே, ஆமென் சொல்லி முடிங்க! சாமியும் தூங்கட்டும், நாங்களும் தூங்குறோம்!" அதுதான் எங்கள் வீட்டுத் தர்க்கங்களுக்கெல்லாம் வழக்கமான முடிவு.

நீ சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்த காலம் நினைவிருக்கிறதா? நம் காம்பராவுக்கு அப்போது கரண்ட் கிடையாது. தங்கராசு தன் வீட்டிலிருந்து ஒயரை அந்த இடைவெளி வழியாக இழுத்துப் போட்டு, உன் மேசைக்கு மேலே ஒரு பல்பு தொங்கவிட்டான். ஒருநாள் நீ கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவிடம் கேட்டாய்: "படிக்காம ஜெபம் மட்டும் பண்ணுனா பாஸாவேனாம்மா?" அவள், "ரெண்டும் பண்ணுடா" என்றாள். நான் விடுவேனா? "அப்ப பாஸானா யாருக்கு நன்றி சொல்லுவ?" என்றேன். நீ யோசித்துக்கொண்டிருந்தாய். சுவருக்கு மேலே இருந்து பதில் வந்தது: "எனக்குத்தான்! ஒயரு என்னோடது!" நீ சிரித்த சிரிப்பில் பென்சில் கீழே விழுந்தது. பெறுபேறு வந்த அன்று சபைக்குப் போய் முழங்கால் போட்டுவிட்டு, திரும்பி வந்து முதல் இனிப்பை அவன் வாயில்தான் ஊட்டினாய். இரண்டையும் செய்தாய். ஒன்றைச் செய்ததால் மற்றதற்கு இடமில்லாமல் போகவில்லை. அந்த வயதில் உனக்குத் தெரிந்திருந்த நியாயத்தை இப்போது எங்கே விட்டாய் என்பதுதான் என் முதல் கேள்வி.

போன வருடக் கடைசியில் அந்த மழை பெய்தபோது நீ கொழும்பில் கல்லூரியில் இருந்தாய். நீ பார்த்ததைச் சொல்லவில்லை, அம்மா அழுதுகொண்டே போனில் சொன்னதை வைத்துச் சொன்னாய். நான் அங்கே இருந்தவன். எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். நாள் கணக்கில் பெரட்டு இல்லை. காலையில் பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புவதற்கும் ஆள் வரவில்லை. எல்லாரும் காம்பராவுக்குள் அடைந்து கிடந்தோம். பின்னேரம், தேத்தண்ணீர் குடித்து முடித்த நேரம். அம்மா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, "வாங்க, முழங்கால் போடுங்க. மழ நிக்கணும்னு ஜெபம் பண்ணுவோம்" என்றாள். நான் என் கேள்வியைக் கேட்டேன். மழை பெய்ய வேண்டும் என்று ஆண்டவர் முன்னமே தீர்மானித்திருந்தால் நாம் கேட்டு அவர் மாற்றுவாரா? தீர்மானிக்கவில்லை என்றால், லயம் ஒழுகுவதை நாம் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டுமா? அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கேக்கச் சொன்னாரு, நான் கேக்குறேன். ஒங்களுக்கு என்னா அதுல நட்டம்?" நான் எழுந்து நின்று பேசினேன். அவளும் எழுந்துவிட்டாள்.

சுவரில் தட்டு விழுந்தது. வழக்கமான தட்டுதான் என்று நினைத்தேன். "சும்மா இரு தங்கராசு, பேசி முடிக்கட்டும்!" என்று கத்தினேன். மறுபடியும் தட்டினான், பலமாக. ஏதோ சொல்லியும் இருப்பான். தகரத்தில் விழுகிற மழையில் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா அந்தக் கோபத்திலும், "பாருங்க, அவனுக்கே பொறுக்கல" என்றாள். நாங்கள் மறுபடி தொடங்கிவிட்டோம். அதற்குப் பிறகுதான் அவன் மழையில் சுற்றி ஓடிவந்து கதவை உதைத்துத் திறந்தான். முழங்கால்வரை சேறு. "அண்ணே, வழக்க அப்பறம் பேசலாம். மல சத்தம் போடுது. வெளிய வாங்க!" மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, மலை சத்தம் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். செருப்புத் தேடப்போன என்னைத் தள்ளினான். புஷ்பம் ஏற்கனவே வெளியே நின்றாள். பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டு, அவன் மேல் லயத்துக்கு ஏறினான். அங்கே கடைசிக் காம்பராவில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். புஷ்பம் கத்தினாள். "பெரியவர தூக்கிட்டு வந்துர்றேன், நீ போ" என்றான். அவன் குரல் கேட்டு மேல் லயத்து ஆட்கள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். பெரியவரும் அவனும் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத மாட்டேன். நீ வந்து பார்த்தாய், லயம் இருந்த இடத்தில் என்ன இருந்தது என்று.

சுவரைத் தட்டிய நேரத்தையும், சுற்றி வந்த நேரத்தையும், என்னைத் தள்ளிக்கொண்டு வந்த நேரத்தையும் அவன் மேல் லயத்துக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு யோசிக்கத் தெரியாமல் இல்லை. இது எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், நானே எல்லாரிடமும் சொன்னது. பாவ அறிக்கையாக இதை எழுதவில்லை. சாட்சியாக எழுதுகிறேன். நீ ஒரு சாட்சி சொன்னாய், அது தப்பு, நான் திருத்துகிறேன். அன்று நம் வீட்டில் ஜெபம் இருக்கவில்லை. ஜெபத்தைப் பற்றிய சண்டைதான் இருந்தது.

போனில் நீ சொன்னதையும் நியாயமாக எழுதிவிடுகிறேன், நான் உன் பக்கத்தை மறைத்தேன் என்று வரக்கூடாது. "மகிமை மனுஷனுக்குப் போகக்கூடாதுப்பா" என்றாய். "தங்கராசு மாமாவ எந்திரிக்க வச்சது யாரு? அந்த எண்ணத்த அவரு மனசுல போட்டது யாரு? நான் மூலத்தச் சொன்னேன், கருவியச் சொல்லல." நல்ல பேச்சு. போனை வைத்த பிறகும் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் கருவி என்றால் எனக்குத் தெரிந்தது கவ்வாத்துக் கத்தி. ஆயுசு முழுக்கக் கையில் வைத்திருந்தேன். நான் வெட்டினால் வெட்டும், வைத்தால் கிடக்கும். அது ஒருநாளும் தானாக எழுந்து, பெண்டாட்டி வேண்டாம் என்று கத்தக் கத்த, மேல் லயத்துக்கு ஏறிப் போனதில்லை. போகாமல் இருந்திருக்கக்கூடியவன் போனான். அதுதானே அவன் செய்தது? போகாமல் இருக்க அவனால் முடியாது, ஆண்டவர் அவனை ஏற்றிவிட்டார் என்று நீ சொன்னால், அவன் கொடுத்ததை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறாய். ஆண்டவருக்கு மகிமை சேர்க்க ஒரு மனிதனைக் கத்தியாக்க வேண்டுமா? அவருக்கு அந்த அளவுக்கா குறைச்சல்?

இன்னொன்றும் கேட்டேன். அவன் மனதில் எண்ணத்தைப் போட்டவர், முதல் தட்டிலேயே கதவைத் திறக்கிற எண்ணத்தை என் மனதில் ஏன் போடவில்லை? நீ, "அது ரகசியம்பா" என்றாய். இரகசியம் என்று சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. வயது போகப் போக அந்தச் சொல்லின் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. ஆனால் இரகசியம் என்றால் பிரசங்க மேடையிலும் இரகசியமாகவே இருக்கட்டும். மேடையில் எல்லாம் தெரிந்தவனாகவும் போனில் ஒன்றும் தெரியாதவனாகவும் ஒரே ஆள் பேசக்கூடாது.

நம் பாஸ்டர் ஐயாவிடமும் கேட்டேன். எனக்குப் புரிந்ததைப் பெரட்டை வைத்துச் சொன்னேன். எந்த மலைக்குப் போவது என்பதைக் காலையில் கங்காணி சொல்கிறார், அது என் கையில் இல்லை. அங்கே போய் எப்படி வெட்டுவது என்பது என் கையில் இருக்கிறது. தீர்மானமும் சுயசித்தமும் அப்படித்தானா? ஐயா கொஞ்சம் யோசித்து, "அண்ணே, கங்காணி மலைக்கு அனுப்பிட்டுக் கீழ நிப்பாரு. ஆண்டவர் கூட வருவாரு. அந்த எடத்துல ஒங்க கணக்கு இடிக்குது" என்றார். இடிக்கத்தான் செய்கிறது. கூடவே வருகிறவர் அன்று மேல் லயத்துக்கும் ஏறியிருப்பார் அல்லவா? அப்படியானால் தங்கராசுவோடு அவரும் அந்த மண்ணுக்குக் கீழே இருந்தாரா? ஐயா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். எனக்கு அந்த மௌனம் உன் பிரசங்கத்தைவிடப் பிடித்திருந்தது.

நீ கல்லூரிக்குப் போன முதல் வருடம் லீவில் வந்தபோது எனக்கு ஒன்று சொன்னாய். "கிருபை கூலி இல்லப்பா. செஞ்சதுக்குக் கெடைக்கிறது கூலி. கேக்காததுக்கும் தகுதியில்லாததுக்கும் கெடைக்கிறது கிருபை." கொழுந்தை நிறுத்து, ஈரத்துக்குக் கழித்து, கூடைக்குக் கழித்து மிச்சத்துக்குக் கூலி வாங்கியே பரம்பரையாக வாழ்ந்த நமக்கு அது எவ்வளவு பெரிய பேச்சு தெரியுமா? கவ்வாத்து மலையில் அதைத் தங்கராசுவிடம் சொன்னேன். "அப்ப தொரமாருக்கு அத யாராச்சும் சொல்லுங்கண்ணே" என்றான். அவ்வளவு பெரிய பேச்சைச் சொன்ன நீயே, அன்று மேடையில் தராசை எடுத்து வைத்தாய். ஒரு தட்டில் ஜெபம், மறு தட்டில் உயிர். ஜெபித்த எடைக்கு உயிர் கொடுக்கப்பட்டது என்றாய். அது கூலி, மகனே. அதைக் கிருபை என்று கூப்பிட்டால் பெயர்தான் மாறும்.

அந்தத் தராசு யார் தலையில் விழுந்தது என்று சொல்கிறேன். ஆராதனை முடிந்து வருகிற வழியில் புஷ்பம் என் பக்கத்தில் நடந்துவந்தாள். வளைவு வந்ததும் கேட்டாள், "அண்ணே, நான் ஜெபிச்சது பத்தலையா?" வேறு எதுவும் கேட்கவில்லை. நாங்கள் இப்போது மூடிப்போன பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருக்கிறோம், உனக்குத் தெரியும். குடும்பத்துக்கு ஒரு மூலை, நடுவில் பலகைத் தடுப்பு. இந்தத் தடுப்பும் கூரைவரைக்கும் போகவில்லை. இங்கே வந்த புதிதில், அவ்வளவு அழுகைக்கு நடுவிலும், அவள் ஜெபிக்கிற சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. உன் பிரசங்கத்துக்குப் பிறகு வரவில்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம் வருகிறது, பாய் விரிக்கிற சத்தம் வருகிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டால், "நீங்க போய்ட்டு வாங்கக்கா" என்கிறாள். பாஸ்டர் ஐயா வந்து, எல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்று ஆறுதல் சொன்னார். அவள் தலை நிமிராமல், "அவரு சித்தம்தான் நடக்கும்னா என்னைய எதுக்குங்க கேக்க வச்சாரு?" என்றாள். மழை அன்று நான் அம்மாவிடம் கேட்ட அதே கேள்வி. நான் வாதத்துக்குக் கேட்டேன். அவள் வாயிலிருந்து வந்தபோது என்னால் உட்கார முடியவில்லை.

ஒருநாள் அவளிடம் சொன்னேன், இயேசுவும் கேட்டார், முகங்குப்புற விழுந்து, வேர்வை சொட்டச் சொட்டக் கேட்டார், அவர் கேட்டதும் கிடைக்கவில்லை என்று. அவருடைய ஜெபம் பற்றவில்லை என்று எந்தப் பிரசங்கியாவது சொல்வானா? புஷ்பம் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள். "எங்க வச்சுண்ணே கேட்டாரு?" "ஒரு தோட்டத்துல" என்றேன். "தோட்டத்துலயா?" என்று கேட்டுவிட்டு முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். "அப்ப அவருக்கு வெளங்கியிருக்கும்." அதற்குப் பிறகுதான் அந்தப் பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததைச் சொன்னாள். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் முழங்காலில் இருந்திருக்கிறாள். லயத்தில் இருக்கிற எல்லாரையும் காப்பாற்றும் என்று ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். நம் வீட்டுப் பெயரும் அதில் இருந்ததாம். தங்கராசு கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் எழுந்து, "நீ கேட்டுக்கிட்டே இரு, நான் போய் மலையப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று கதவைத் திறந்தானாம். போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்துதான் அவளை வெளியே தள்ளிவிட்டுச் சுவரைத் தட்டியிருக்கிறான்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. அன்று அந்த லயத்தில் எனக்குத் தெரிந்து ஒரு ஜெபம்தான் இருந்தது, அது அவளுடையது. எழுந்து போனது ஒருபோதும் ஜெபிக்காத அவள் புருஷன். பிழைத்தது, ஜெபிக்கலாமா வேண்டாமா என்று அடித்துக்கொண்டிருந்த நாங்கள் இருவர். கேட்காமல், உழைக்காமல், தட்டினபோதும் திறக்காமல் எங்களுக்குக் கிடைத்தது. நீ சொல்லிக்கொடுத்த சொல்லின் பொருள் இந்த வயதில்தான் எனக்குக் கையில் தட்டுப்பட்டது. கிருபை இல்லை என்று நான் சொல்லவில்லை, மகனே. உன்னைவிட அதிகமாகச் சொல்கிறேன். அது சேற்றுக் காலோடு கதவை உதைத்துக்கொண்டு வந்தது என்கிறேன். அவன் மனதில் ஆண்டவர் பேசினாரா, புஷ்பத்தின் குரலே பேசியதா, அவனே முடிவு செய்தானா, மூன்றும் ஒன்றுதானா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் இதில் எதை வைத்தாலும் அவன் பெயரை விட்டுவிட வழியில்லை.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்து அவளிடம் சொன்னேன், "புஷ்பம், ஒன்னோட ஜெபம் எங்களுக்குப் பத்துச்சு." என்னைப் பார்த்தாள். "அப்ப எனக்குண்ணே?" என்றாள். இதற்குப் பதில் உன் கல்லூரியில் இருந்தால் கொண்டுவா. இல்லாவிட்டால் இல்லை என்று சொல்வதற்காவது வா.

இதில் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. மலையில் வெடிப்பு இருந்ததைத் தோட்டத்தில் எல்லாரும் பார்த்தோம், ஆபீசிலும் போய்ச் சொன்னோம். அடக்கத்துக்கு வந்த ஆபீஸ் ஆள் ஒருவர், "என்னா செய்ய, கடவுள் செயல்" என்றார். உன் பிரசங்கத்தையும் அவர் கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்டார், தலையாட்டினார். மண்ணுக்கு அதிகாரம் கொடுத்ததும் கொடுக்காததும் ஆண்டவர் என்றால் அவருக்கு நிம்மதிதானே? வெடிப்புக்கு அந்தப் பக்கத்து லயத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். பச்சைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்டவர் மேல் நீ போட்ட பாரம் யார் தோளிலிருந்து இறங்கியது என்று பார்த்தாயா?

ஆகவே, செய்ய வேண்டியவை இவை.

நீ குருப்பட்டத்துக்கு முன் இங்கே வர வேண்டும். அங்கியோடு வராதே, சாதாரணமாக வா. முதலில் நம் மூலைக்கு வராமல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். போனதும் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்காதே, அவள் கேட்பதைக் கேட்டு முடி. தெரியாததைத் தெரியாது என்று சொல். பிறகு, நீ பிரசங்கம் பண்ணின அதே மேடையில் ஏறி, தங்கராசு கதவை உதைத்தான் என்று அவன் பெயரோடு சொல்ல வேண்டும். நம் வீட்டில் அன்று ஜெபம் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அம்மா, தன் பங்குக்கு, அன்று நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்ததாக இனி யாரிடமும் சொல்லக்கூடாது. இதை வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் அழுதாள், சரி என்றாள். "ஆனா நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா ஜெபம் இருந்திருக்கும்" என்றும் சொன்னாள். அதையும் எழுதிவிட்டேன்.

பாஸ்டர் ஐயா, மரித்தோர் நினைவு ஆராதனையில் வாசிக்கிற பெயர்களோடு தங்கராசுவின் பெயரையும் வாசிக்க வேண்டும். சபை இடாப்பில் பெயர் பதியாதவன் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பட்டும். தோட்டத்து நிர்வாகம் வெடிப்புக்குப் பக்கத்தில் இருப்பவர்களை அடுத்த மழைக்கு முன் இறக்க வேண்டும். அதற்கு ஜெபம் தேவையில்லை, லொறி போதும். அதுவரைக்கும் மழை பெய்கிற நாளெல்லாம் நானும் மற்ற ஆண்களும் முறை வைத்து அந்தப் பக்கம் போய் மலையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். தொடங்கிவிட்டோம்.

நீ செய்ய வேண்டியதைச் செய்தால் நான் பதுளைக்கு வருவேன், முதல் வாங்கில் உட்காருவேன், எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்லுவேன். செய்யாவிட்டால் அம்மா வருவாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்துக்கு ஆண்டவர் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு நாளும் முழங்காலில் சொல்கிறேன். கேட்பதால் என்ன பயன் என்று தெரியாமலேதான் கேட்கிறேன்.

புஷ்பம் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவள் அன்றே எல்லாருக்காகவும் கேட்டு முடித்துவிட்டாள்.

அப்பா